வீட்டுக்குக் கேட்கும் விலையை எடைபோடுவதும் நம் விலையைச் சொல்வதும்

உங்களுக்குப் பிடித்துப்போன வீடு நான்கு மாதங்களாக விற்பனைக்கு நிற்கிறது. இடையில் ஒரு முறை விலையைக் குறைத்திருக்கிறார்கள். வேறொருவரும் ஆர்வமாக இருப்பதாகத் தரகர் சொல்கிறார். உறவினர்களோ பத்து விழுக்காடு குறைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். கேட்கும் விலை நியாயமானதுதானா, எந்தத் தொகையில் பேச்சைத் தொடங்குவது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உரிய உழைப்பைக் கொடுத்தால், இரண்டாவது பெரும்பாலும் எளிதாகிவிடும். முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து "எவ்வளவு குறைக்கலாம்" என்று நேராகப் போகிறவர்களே பேரத்தில் தடுமாறுகிறார்கள். எதிலிருந்து குறைக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

கேட்கும் விலை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். விற்பவர் அந்த வீட்டை எவ்வளவுக்கு வாங்கினார், அதன் மீது இன்னும் எவ்வளவு கடன் நிற்கிறது, அடுத்து வாங்கப்போகும் வீட்டுக்கு எவ்வளவு தேவை, பக்கத்து வீட்டுக்காரர் தம் வீடு என்ன விலைக்குப் போனதாகச் சொல்லிக்கொண்டார், விற்பனைப் பொறுப்பைத் தம்மிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு தரகர் எவ்வளவு பெரிய தொகையை எதிர்பார்க்கச் சொன்னார் என்பன எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் பிறக்கிறது. இவற்றில் ஒன்றுகூட வீட்டின் மதிப்பைப் பற்றியது அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மையத்தில் 1990-களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஆராய்ந்து டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க நேரும் நிலையில் இருந்தவர்கள், எதிர்பார்க்கக்கூடிய விற்பனை விலைக்கும் தாங்கள் முன்பு கொடுத்த விலைக்கும் இடையேயான வேறுபாட்டில் 25 முதல் 35 விழுக்காடு வரை கூட்டி விலை கேட்டார்கள். சந்தைக்கு அவர்களுடைய பழைய விலையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய விலை கேட்கும் விலைக்குள் புகுந்துவிட்டது. ஆகவே கேட்கும் விலையை விற்பவரின் நிலையையும் எதிர்பார்ப்பையும் பற்றிய செய்தியாக வாசியுங்கள். அப்படி வாசித்தால் அது உங்களுக்கு மிகவும் பயன்படும். வீட்டின் மதிப்பு என்று வாசித்தால் அதுவே உங்கள் கண்ணைக் கட்டிவிடும்.

கண்ணைக் கட்டுவது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் ஆகிய இருவர் 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இருந்த உண்மையான ஒரு வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள வீட்டுத் தரகர்களுக்கும் நேரில் காட்டி, அக்கம்பக்க விற்பனை விவரங்கள் அடங்கிய ஒரே ஏட்டைக் கொடுத்து, மதிப்பிடச் சொன்னார்கள். ஏட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: கேட்கும் விலை. வல்லுநர் மதிப்பைவிடச் சிலருக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவான விலையும் சிலருக்கு அதே அளவு கூடுதலான விலையும் எழுதிக் கொடுக்கப்பட்டன. கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் வீட்டைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். இதில் தரகர்களும் விதிவிலக்காக இல்லை. மதிப்பிடும்போது எவற்றைக் கருதினீர்கள் என்று கேட்டபோது, கேட்கும் விலையைக் குறிப்பிட்ட தரகர்கள் மிகச் சிலரே. தொழிலாகவே இதைச் செய்கிறவர்களுக்கு இந்தக் கதி என்றால், வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் வீடு வாங்குகிற நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் விலை உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பதால், அதை அறியாத ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் அளவு, வயது, இருப்பிடம், நிலை ஆகியவற்றை மட்டும் அவரிடம் சொல்லி, பக்கத்து விற்பனைகளைக் கொடுத்து, ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கணக்கும் அவர் கணக்கும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதே உங்களைத் திருத்தும்.

இனி அந்தக் கணக்கு. அண்மையில் உண்மையாகவே விற்று முடிந்த, ஒத்த தன்மையுள்ள வீடுகளை வைத்து மதிப்பிடுவதே எல்லா இடங்களிலும் முதன்மையான முறை. விற்று முடிந்த என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். விற்பனைக்கு நிற்கும் மற்ற வீடுகளின் விலைகள் வெறும் ஆசைகள். அவற்றில் சில அந்த விலைக்கு விற்காத காரணத்தாலேயே இன்னும் பட்டியலில் இருக்கின்றன. விற்ற விலைகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும் அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதலான விற்பனைகளின் விலையை நிலப் பதிவகமே வெளியிடுகிறது. வேறு சில இடங்களில் பத்திரத்தில் எழுதும் தொகை உண்மையில் கைமாறிய தொகையைவிடக் குறைவாக இருக்கும். அங்கே பதிவு விவரத்தை அப்படியே நம்ப முடியாது. அப்போது வங்கிகளுக்கு மதிப்பிட்டுக் கொடுக்கும் பொறியாளர்கள், அந்தத் தெருவில் அண்மையில் வாங்கிக் குடியேறியவர்கள், இந்த வீட்டோடு தொடர்பில்லாத வேறு தரகர்கள் என்று பல வாய்களிலிருந்து கேட்டு ஒப்பிட வேண்டியிருக்கும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் வீடு வாங்கும் முழு முயற்சியிலும் ஒரு மணி நேர உழைப்புக்கு இவ்வளவு பணத்தைக் காப்பாற்றித் தரும் வேலை வேறில்லை.

ஒத்த வீடுகள் மூன்று அல்லது நான்கு கிடைத்தால் போதும். ஆனால் எந்த இரண்டு வீடும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், வேறுபாடுகளுக்கு ஏற்ப விலையைக் கூட்டிக் கழிக்க வேண்டும். இதில் பலரும் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். விற்ற வீட்டில் கூடுதலாக ஒன்று இருந்தால் அதன் மதிப்பை விற்ற விலையிலிருந்து கழிக்க வேண்டும்; விற்ற வீட்டில் ஒன்று குறைவாக இருந்தால் அதன் மதிப்பை விற்ற விலையோடு கூட்ட வேண்டும். நாம் அறிய விரும்புவது, அந்த வீடு நம் வீட்டைப் போலவே இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை. திருத்தம் எப்போதும் விற்ற வீட்டின் விலையில்தான் நடக்கும்.

உங்களிடம் கேட்கும் விலையை 100 என்று வைத்துக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் வீடு ஐந்து மாதங்களுக்கு முன் 96-க்கு விற்றது. அளவும் வயதும் ஒன்றுதான், ஆனால் சமையலறையும் குளியலறைகளும் புதிதாகச் செய்யப்பட்டவை. அந்த வேலைப்பாட்டுக்கு வாங்குபவர்கள் 4 கூடுதலாகத் தருவார்கள் என்றால், திருத்திய விலை 92. இரண்டாவது வீடு அண்மையில் 84-க்கு விற்றது. அது சற்றுச் சிறியது, அதற்கு 6 கூட்டுகிறோம். இரைச்சலான பெருஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது, அதற்கு 3 கூட்டுகிறோம். திருத்திய விலை 93. மூன்றாவது வீடு ஓராண்டுக்கு முன் 101-க்கு விற்றது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் விலை 2 விழுக்காடு ஏறியிருக்கிறது என்றால் இன்றைய கணக்கில் 103. அதன் மனை பெரியது என்பதற்கு 6-ம், கூடுதலாக ஒரு கார் நிறுத்துமிடம் இருப்பதற்கு 3-ம் கழித்தால் 94. ஆக மதிப்பு 92-க்கும் 94-க்கும் இடையில் விழுகிறது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு நகர வேண்டாம். எந்த வீட்டுக்கு மிகக் குறைந்த திருத்தம் தேவைப்பட்டதோ அதற்கு அதிக எடை கொடுங்கள். இங்கே அது முதல் வீடு. விலையில் கால் பங்கு அளவுக்குத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அந்த வீடு ஒப்பீட்டுக்கே உகந்ததன்று என்று விட்டுவிடுவது நல்லது.

திருத்தத்துக்கான தொகையை எங்கிருந்து எடுப்பது என்பது நியாயமான கேள்வி. செலவிலிருந்து எடுக்கக் கூடாது. ஒருவர் பெருந்தொகை செலவழித்து நீச்சல் குளம் கட்டியிருக்கலாம். அந்தப் பகுதியில் வாங்க வருகிறவர்கள் அதைப் பராமரிப்புச் சுமையாகப் பார்த்தால் அதன் சந்தை மதிப்பு கட்டிய செலவில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். மாறாக, எவ்வளவு செலவழித்தாலும் மாற்ற முடியாதவை உண்டு: வெளிச்சம் வரும் திசை, தெருவின் அகலம், மழைநீர் வடியும் தாழ்வு மேடு, சுற்றியிருக்கும் நிலத்தில் நாளை என்ன கட்ட அனுமதி உண்டு என்பன. இவற்றுக்கு வாங்குபவர்கள் செலவுக் கணக்கைத் தாண்டியே விலை தருகிறார்கள். ஒரு கூறு தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இரண்டு விற்பனைகள் கிடைத்தால், அவற்றின் விலை வேறுபாடே அந்தக் கூறின் மதிப்பு. இப்படி இணை இணையாகப் பார்க்கும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும்.

இவ்வளவு உழைப்பதற்கு மாறாக இணையத்தில் கணினி தரும் மதிப்பை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வீட்டு மதிப்பீட்டுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான ஸில்லோ, தன் கணிப்புகளைத் துணையாகக் கொண்டு தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலை 2018-இல் தொடங்கி, விலைகளைச் சரியாக முன்கணிக்க முடியவில்லை என்று கூறி 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. கணினிக்கு அளவும் வயதும் முகவரியும் தெரியும். சுவரில் ஓதம் ஏறியிருப்பது தெரியாது. ஒரு குறுக்குச் சரிபார்ப்பாக அதை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வாடகையை வைத்துச் சரிபார்ப்பது இதைவிட உறுதியானது. அதே பகுதியில் ஒத்த வீடு ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறுகிறது என்று விசாரித்து, கேட்கும் விலை அந்த ஆண்டு வாடகையைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் வீடுகள் பொதுவாக ஆண்டு வாடகையின் 25 மடங்குக்கு விற்கும்போது இந்த வீட்டுக்கு 32 மடங்கு கேட்கிறார்கள் என்றால், விற்பவர் எதிர்கால விலை உயர்வுக்கும் சேர்த்து இன்றே பணம் கேட்கிறார் என்று பொருள். அந்த உயர்வு வரலாம். வந்தால் அதன் பலன் ஏற்கெனவே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தனி வீடாக இருந்தால் மனையின் மதிப்பையும், அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவிலிருந்து வயதுக்கான தேய்மானத்தைக் கழித்த தொகையையும் கூட்டிப் பார்ப்பதும் உதவும். காலம் போகப் போக ஏறுவது பெரும்பாலும் மனையின் மதிப்பே, கட்டடத்தினுடையது இறங்கிக்கொண்டே போகிறது என்பதைப் புதுச் சாயம் மறைத்துவிடுகிறது.

குறைகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். கூரைக் கசிவு, பழைய வயரிங், துருப்பிடித்த குழாய்கள், கழிவுநீர் அடைப்பு போன்றவை பணத்தால் தீரக்கூடியவை. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் செலவு மதிப்பீடு வாங்கி விலையிலிருந்து கழிக்கலாம். அந்த வேலையின் அலைச்சலுக்கும் எதிர்பாராத செலவுக்கும் சேர்த்து மதிப்பீட்டைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்பது நியாயமே. சாந்துப் பூச்சில் மயிரிழை போல ஓடும் விரிசலுக்கு அஞ்ச வேண்டாம்; சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டைப் போலச் சாய்வாக ஏறும், ஒரு முனையில் அகன்ற விரிசல் அஸ்திவாரம் அசைந்திருப்பதைக் காட்டக்கூடும் என்பதால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் விலையே பேசக் கூடாது. மற்றொரு வகை, உரிமையில் இருக்கும் குறை: வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திடவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது, அனுமதியின்றி ஒரு தளம் எழுப்பப்பட்டிருக்கிறது என்பன போன்றவை. இவற்றுக்கு விலைக்குறைப்பு மருந்தாகாது. பத்திரம் தெளிவில்லாத வீட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் குறை தீர்ந்த பிறகே விலைப் பேச்சு.

இப்போது நான்கு மாதங்கள் என்பதற்கு வருவோம். அந்தப் பகுதியில் வீடுகள் சராசரியாக எவ்வளவு காலத்தில் விற்கின்றன என்று தெரியாமல் அது நீண்ட காலமா குறுகிய காலமா என்று சொல்ல முடியாது. ஆறு வாரங்களில் விற்கும் சந்தையில் நான்கு மாதம் நிற்கும் வீட்டைப் பலர் பார்த்துவிட்டு அந்த விலைக்கு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். ஓராண்டு ஆகும் சந்தையில் நான்கு மாதம் ஒன்றுமே இல்லை. விலையைக் குறைத்த விதமும் பேசும். பெயருக்கு ஒரு விழுக்காடு குறைத்தவர் இன்னும் சந்தையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஒரேயடியாக ஆறு அல்லது ஏழு விழுக்காடு குறைத்தவருக்குக் காலக்கெடு ஒன்று நெருங்குகிறது. நீண்ட நாள் நின்ற வீட்டில் ஏதோ பெருங்குறை இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். தொடக்கத்தில் விலையைக் கூட்டிச் சொன்னதைத் தவிர வேறு குற்றமே இல்லாத நல்ல வீடுகள் இப்படி நின்றுவிடுவது உண்டு, வாங்குபவருக்கு அவையே சிறந்த வாய்ப்பு.

தரகர் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது? ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிக்காகோவைச் சூழ்ந்த பகுதியில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்பதைவிட ஏறக்குறைய 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 விழுக்காடு அதிக விலைக்கு விற்றார்கள் என்று கண்டார்கள். காரணம் எளிது. 2 விழுக்காடு தரகு பெறுபவருக்கு, விலை 3 அலகு கூடினால் கிடைப்பது 0.06 அலகு, அதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இன்றே முடிப்பது அவருக்கு மேல். ஆகவே விற்பவரின் தரகர் விற்பவருக்காகப் பேசினாலும், வியாபாரம் படிய வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் ஓரளவு சாய்ந்தவர். அவரிடம் "கடைசி விலை என்ன" என்று கேட்பதைவிட, "விற்பவருக்கு விலையைத் தவிர வேறு எது முக்கியம், எந்தத் தேதிக்குள் முடிக்க நினைக்கிறார்" என்று கேளுங்கள். உண்மையான விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வேறொருவர் ஆர்வமாக இருக்கிறார் என்ற செய்தி உண்மையாகவும் இருக்கலாம், தூண்டுகோலாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வீட்டின் மதிப்பு அந்த மற்றொருவரால் மாறிவிடவில்லை. அவர் எழுத்தில் விலை கொடுத்திருக்கிறாரா, முடிவெடுக்கும் நாள் எது என்று மட்டும் கேட்டுவிட்டு உங்கள் எண்ணோடு நில்லுங்கள்.

அந்த எண்ணை, அதாவது இதற்கு மேல் போவதில்லை என்ற உச்சத்தை, பேச்சு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். அது சந்தை மதிப்புக்குச் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கோ முதிய பெற்றோரின் வீட்டுக்கோ நடந்து போகும் தொலைவில் இருக்கும் வீடு உங்களுக்கு மற்றவர்களைவிட மதிப்பு மிக்கது. அதற்கு 2 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்துப் பதினைந்து ஆண்டு வாழ்ந்தால் அந்த மிகை கரைந்துவிடும். மூன்றே ஆண்டில் ஊர் மாற நேரலாம் என்றால், பதிவுச் செலவும் வரியும் தரகும் போக அந்த மிகை முழுவதும் உங்கள் நட்டம். உச்சத்தை நிர்ணயிக்கும்போது அந்தச் செலவுகளையும், குடியேறும் முன் செய்தாக வேண்டிய பழுதுகளையும், சில மாத வீட்டுச் செலவுக்கான கையிருப்பையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். கடனில் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: வங்கி பெரும்பாலும் தன் மதிப்பீடு, நீங்கள் ஒப்புக்கொண்ட விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே அடிப்படையாகக் கொள்ளும். வங்கி 93 என்று மதிப்பிட்ட வீட்டுக்கு நீங்கள் 97 ஒப்புக்கொண்டால், இடையிலுள்ள 4-ஐயும் வழக்கமான உங்கள் பங்குக்கு மேலாகக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

இப்போது உறவினர்களின் பத்து விழுக்காட்டைப் பார்க்கலாம். கேட்கும் விலையிலிருந்து இத்தனை விழுக்காடு குறைத்துக் கேள் என்ற எந்தப் பொது விதியும், எல்லோரும் ஒரே அளவு கூட்டிக் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. ஒருவர் 15 விழுக்காடு கூட்டிக் கேட்டிருப்பார். அவரிடம் பத்தைக் குறைத்து மகிழ்ந்தால் மதிப்புக்கு மேல் மூன்றரை விழுக்காட்டை இழக்கிறீர்கள். இன்னொருவர் பலரும் போட்டியிடட்டும் என்று மதிப்புக்கும் கீழே கேட்டிருப்பார். அவரிடம் பத்தைக் குறைத்தால் வீட்டை இழக்கிறீர்கள். நம் எடுத்துக்காட்டில் மதிப்பு 93, உச்சம் 95 என்றால், 88 அல்லது 89-இல் தொடங்குவது பொருத்தம்: மேலே வர இடம் இருக்கிறது, ஆனாலும் ஒப்பீட்டு விற்பனைகளையும் பழுதுச் செலவையும் காட்டி நியாயப்படுத்தக்கூடிய தொலைவிலேயே இருக்கிறது. 75 என்று தொடங்கினால் விற்பவர் உங்கள் காரணங்களைக் கேட்பதையே நிறுத்திவிடுவார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான தொகைகூட ஐயத்தோடு பார்க்கப்படும்.

தொகையைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். "இந்த மூன்று வீடுகள் இந்த விலைகளுக்கு விற்றிருக்கின்றன, கூரைப் பழுதுக்கு இவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு வாங்கியிருக்கிறோம், அதனால் எங்களால் தர முடிவது இது" என்ற நான்கு வரி, மணிக்கணக்கான பேரத்தைவிட வலிமையானது. வீட்டைப் பழிக்க வேண்டாம். அங்கே வாழ்ந்தவருக்கு அந்தச் சமையலறையின் நிறம் பிடித்துத்தான் பூசியிருப்பார். அதைக் குறைசொல்லி ஒரு ரூபாயும் குறையாது, மனம்தான் கசக்கும். பாஸ்டன் ஆய்வு காட்டிய மனநிலையில் இருப்பவரிடம், அதாவது வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்பவரிடம், இது இன்னும் முக்கியம்; அவர் எதிர்கொள்வது கணக்கு மட்டுமன்று, ஒரு இழப்பும்கூட. அப்படிப்பட்டவரிடம் விலையை விடாமல் அழுத்துவதைவிட, அவர் வெளியேற வசதியான தேதியைக் கொடுப்பது, சில பொருட்களை அவரே எடுத்துச்செல்ல விடுவது போன்றவை விரைவில் பலன் தரும்.

மேலே ஏறும்போது ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சிறியதாக இருக்கட்டும். 88.5-இலிருந்து 91, பிறகு 92.2, பிறகு 92.8 என்று போனால் எல்லை நெருங்குகிறது என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும். 88-இலிருந்து 90, 92, 94 என்று சமமாக ஏறினால் இன்னும் ஏறுவீர்கள் என்றே அவர் எண்ணுவார், அது நியாயமான ஊகமும்கூட. அவர் பதில் சொல்லும் முன் உங்கள் தொகையை நீங்களே உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு உயர்வுக்கும் ஈடாக ஒன்றைக் கேளுங்கள்: அலமாரிகளை விட்டுச்செல்வது, நிலுவை வரியைக் கட்டித் தீர்ப்பது, கிரயத்தை முன்கூட்டியே முடிப்பது என எதுவாகவும் இருக்கலாம்.

விலை மட்டுமே ஒரு முன்மொழிவு ஆகாது. எவ்வளவு முன்பணம், எத்தனை நாளில் முழுத் தொகை, கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், பொறியாளர் சோதனையில் பெருங்குறை தெரிந்தால் முன்பணம் திரும்புமா, ஒப்பந்தம் எந்த நாள்வரை செல்லும் என்பவை அனைத்தும் சேர்ந்ததே முன்மொழிவு. கடன் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவரின் 92, அது இல்லாதவரின் 94-ஐ வெல்வது அரிதன்று. விற்பவர் அஞ்சுவது குறைந்த விலைக்கு மட்டுமில்லை, பாதியில் முறிந்துபோகும் வியாபாரத்துக்கும்தான். போட்டி கடுமையாக இருக்கும்போது சோதனை நிபந்தனையையும் கடன் நிபந்தனையையும் கைவிட்டால் வெல்லலாம் என்ற ஆலோசனை வரும். கடன் நிபந்தனையை, கடனே இல்லாமல் வாங்கக்கூடியவர் கைவிடலாம். சோதனையைக் கைவிடுவதைவிட, விலை சொல்லும் முன்பே சொந்தச் செலவில் சோதித்துவிடுவது எவ்வளவோ மேல்.

மூடிய உறைகளில் விலை கேட்கும் முறை இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், எண்ணெய் வயல் ஏலங்களில் வென்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தை ஏன் பெறவில்லை என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லோரும் ஒரே பொருளை ஏறத்தாழ மதிப்பிடும்போது, வெல்பவர் மிக அதிகமாக மதிப்பிட்டவராகவே இருப்பார், ஆகவே வெற்றியே மிகைமதிப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதே அவர்கள் கண்டது. போட்டியாளர்கள் எத்தனை பேர் கூடுகிறார்களோ அந்த அளவுக்கு உங்கள் கணக்கைக் கடுமையாக மறுபரிசோதனை செய்யுங்கள். மனம் இயல்பாக இதற்கு நேர்மாறாகத்தான் இழுக்கும். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், விற்பனைக்கு வரும் பெரும்பாலான வீடுகளுக்குச் சோதனை அறிக்கையையும் மதிப்பீட்டையும் விற்பவரே முன்கூட்டித் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. வாங்குபவர் அனைவரும் ஒரே தகவலோடு விலை சொல்ல முடிகிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் அந்த அறிக்கையை நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

வாய்ச்சொல்லாக "சரி" என்று சொன்னதற்கு எவ்வளவு பலம் என்பதையும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை இரு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. ஒப்புக்கொண்ட பிறகும் கூடுதல் விலை தருபவரிடம் விற்பவர் போய்விடலாம். பிரான்சில் முதல்நிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, குடியிருக்க வாங்குபவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள 10 நாள் அவகாசம் உண்டு, விற்பவருக்கு அது இல்லை. எந்தக் கட்டத்தில் யார் விலகலாம், விலகினால் முன்பணம் யாருக்கு என்ற இரண்டும் தெரியாமல் ஒரு பைசாகூடக் கொடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், விலை குறைக்கப்பட்ட தேதியையும் அளவையும் கேட்டறிந்து, மூன்று விற்பனைகளைத் திரட்டிக் கணக்கிட்டு, பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு மழைக்குப் பிறகான ஒரு நாளில் இன்னொரு முறை பாருங்கள் என்பேன். பிறகு ஒரு வார அவகாசத்தோடு எழுத்தில் தொகையைக் கொடுங்கள். விற்பவர் மறுத்தால், அந்தத் தொகை இன்னும் இத்தனை நாள் செல்லும் என்று மரியாதையாகத் தெரிவித்துவிட்டு வேறு வீடுகளைப் பார்க்கத் தொடங்குங்கள். சில வாரங்கள் கழித்துத் தரகரிடமிருந்து அழைப்பு வருவது உண்டு. அப்படி வந்தால் மகிழ்ச்சியில் உடனே தொகையை உயர்த்திவிடாமல், இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் வேறு எதுவும் விற்றிருக்கிறதா என்று பார்த்து, பழைய கணக்கை அந்த விற்பனையோடு சேர்த்து மீண்டும் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.